வெர்லின் பொறுக்கிய விதை

தேவாலயத்தின் நிலவறையில், பழைய பியானோவுக்குப் பின்னால் விரித்துப் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் துடைத்து விட்டது போல் கிடந்தது. வெர்லின் அதன் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் தார்ப்பாய் காலியாகத்தான் இருந்தது.

காலையில் அங்கே ஒரு குவியல் விதை இருந்தது.

மேலே ஆர்கன் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். நிலவறைச் சமையலறையில் லவோன், ஹாம் சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சமையலறை அவளுடைய ராஜ்ஜியம். பாஸ்டர்கூட ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்ப்பார்.

"லவோன், பியானோவுக்குப் பின்னாடி ஒரு குவியல் கிடந்துச்சே..."

"பறவைத் தீனிதானே? எடுத்துட்டேன்."

"பறவைத் தீனியா!"

"பின்ன என்னவாம்? பொண்ணு மாப்பிள்ளை மேல அரிசி தூவக் கூடாது, குருவி தின்னா அதுக்கு வயிறு உப்பிரும்னு கல்யாணப் பொண்ணு கெல்சியே எங்கயோ கேட்டுட்டு வந்து நிக்கிறா. பறவைத் தீனிதான் தூவணுமாம். அவ அப்பன் ரோலண்ட் வாங்கிட்டு வரேன்னான், மறந்துட்டான். என்னடா பண்றதுன்னு பாத்தா, நீ கொண்டாந்து கொட்டியிருக்க. அடடா, இந்த வெர்லினுக்கும் நல்ல புத்தி இருக்கேன்னு நினைச்சேன்."

"இப்ப அது எங்க?"

"காகிதத்தைக் கூம்பா சுருட்டி, அதுல போட்டு, ரிப்பன் கட்டி, ஆளுக்கு ஒண்ணு குடுத்தாச்சு." லவோன் கத்தியை நீட்டி மேலே காட்டினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். மட்டமான சரக்கு. ஒரே பஞ்சும் தூசியும். நல்ல கடையா பாத்து வாங்கியிருக்கலாம்."

வெர்லினுக்கு உட்காரவேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தார். அது சாண்ட்விச் தட்டு.

"யோவ்!" என்றாள் லவோன்.

அந்தக் குவியல் வெர்லினுடைய ஒரு வருஷம். அயோவா மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் போடாதவனை விவசாயி என்று யாரும் மதிப்பதில்லை. வெர்லின் போட்டது காட்டுப் பூ. கலப்பை வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் தானாக முளைத்துக் கிடந்த பூக்கள். பழைய ரயில் பாதையின் ஓரத்திலும் கல்லறைத் தோட்டத்து வேலியடியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிப் பிழைத்திருந்தவற்றிடம் விதை வாங்கி, வரிசை பிடித்து நட்டு, களை பிடுங்கி, காயவைத்து, கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, கொடுப்பார். கவுண்டி அதைச் சாலையோரங்களில் தூவும். கோடையில் காரில் போகிறவர்கள் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கடவுளின் கருணை என்பார்கள். வெர்லின் அதை மறுத்ததில்லை.

இந்த வருஷம் அறுவடை முடிந்த கையோடு ஒரு காற்று வந்து கொட்டகையின் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. நனைந்தால் விதை பூசணம் பிடிக்கும். தேவாலயக் கட்டடக் குழுவில் இருப்பதால் வெர்லினிடம் ஒரு சாவி உண்டு. யாரையும் கேட்காமல் விதையைக் கொண்டுவந்து நிலவறையில் விரித்து, பெரிய மின்விசிறிகளைப் போட்டுவிட்டார். பியானோவுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? கவுண்டியின் சாலையோரப் பொறுப்பில் புதிதாக வந்திருக்கும் பெத்தனி என்ற பெண், இன்று சாயங்காலம் தேவாலயத்துக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

உண்மையைச் சொல்லி எல்லாரிடமும் கூம்பைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாணம் யார் வீட்டுக் கல்யாணம்? ரோலண்ட் வீட்டுக் கல்யாணம்.

ரோலண்டும் வெர்லினும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள். ரோலண்டின் சோயா வயலில் ஒரு புல் இருக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் வெர்லின் பூ வளர்ப்பதை, தன் வீட்டு வாசலில் ஒருவன் எலி வளர்ப்பது போலத்தான் அவர் பார்த்தார். "உன் களையில ஒரு விதை, ஒரே ஒரு விதை என் பக்கம் பறந்து வந்துச்சுன்னா, உன்னையும் சேத்துப் பிடுங்கிருவேன்" என்று தானியக் கிடங்கில் பத்துப் பேர் முன்னால் சொன்னவர். வெர்லினுக்கு இன்று அழைப்பு வந்ததே மனைவி மார்லிஸால்தான். கெல்சிக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவள் அவள்.

வெர்லின் படியேறிப் போய், கடைசி வரிசையில் மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் சொன்னார். மார்லிஸ் தன் கையிலிருந்த கூம்பை மெல்லப் பிரித்துப் பார்த்தாள்.

"ஆமா, உன்னோடதுதான்" என்றாள். "உன் கால்சட்டை மடிப்புல தினம் கொட்டுறது எனக்குத் தெரியாதா?"

"இப்ப என்ன பண்றது?"

"சமையலறையில ஓட்ஸ் இருக்கு. கூம்பை எல்லாம் வாங்கு, உள்ள இருக்கிறதை மாத்து, திருப்பிக் குடு."

"பிரார்த்தனை நடக்கும்போதா?"

"எல்லாரும் கண்ணை மூடியிருப்பாங்கல்ல."

நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. வாசலில் காணிக்கைக் கூடை இருந்தது. வெர்லின் அதை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பக்தியோடு முதல் வரிசையின் ஓரத்தில் போய் நின்று கூடையை நீட்டினார்.

மக்கள் கண் விழித்துப் பார்த்தார்கள். கூடையைப் பார்த்தார்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு பர்ஸை எடுத்தார்கள்.

"இல்ல, இல்ல. கூம்பு, கூம்பு" என்று வெர்லின் கிசுகிசுத்தார்.

"என்னது, கம்மியா?" என்றார் காது கொஞ்சம் மந்தமான ஒரு பெரியவர். இன்னொரு நோட்டைப் போட்டார்.

கூடை பக்கத்து ஆளிடம் போனது. அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். லூத்தரன் சபை மக்களின் கையில் ஒரு கூடை அகப்பட்டால் அது கடைசி வரிசை வரை போகாமல் நிற்காது. முன்வரிசையில் ரோலண்ட், மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த ஈரக் கண்ணோடு திரும்பிப் பார்த்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துல வசூலா? யாருடா சொன்னது?"

"கட்டடக் குழு" என்றார் வெர்லின். வாயில் வந்தது அதுதான்.

"கூரை ஒழுகுதா?"

"ஒழுகல. பறந்துருச்சு."

ரோலண்ட் அண்ணாந்து தேவாலயக் கூரையைப் பார்த்தார். அவரைப் பார்த்து அந்த வரிசை முழுக்க அண்ணாந்தது. பாஸ்டரும், மணமக்களுக்கு ஆசி சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு அண்ணாந்தார்.

கூடை திரும்பி வந்தபோது அதில் ஒரு கூம்புகூட இல்லை.

மணி அடித்தது. கதவு திறந்தது. கூட்டம் படிகளில் இறங்கி, நடைபாதையின் இரண்டு பக்கமும் சாலை வரைக்கும் நின்றது. கோடையில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று கவுண்டி தோண்டிப் போட்ட ஓரப் பள்ளம் ஒன்று தேவாலயத்துக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது. புல்கூட முளைக்காத வெறும் மண். நடைபாதையில் இடம் போதாதவர்கள் அதற்குள்ளேயும் இறங்கி நின்றார்கள். மணமக்கள் ஏறிப் போவதற்காக ரோலண்டின் பச்சை டிராக்டர், ரிப்பனும் பலூனுமாகச் சாலையில் உறுமிக்கொண்டிருந்தது.

கெல்சியும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். கூம்புகள் மேலே எழுந்தன.

"வேண்டாம்!" என்றார் வெர்லின். ஆனால் எல்லாரும் "வாழ்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அரிசியாக இருந்தால் விழுந்திருக்கும். இது காட்டுப் பூ விதை. பாதிக்குப் பஞ்சு உண்டு, மீதிக்கு முள் உண்டு. பறக்கவும் ஒட்டவும் என்றே படைக்கப்பட்டது. ஒரு காற்று வந்தது. விதை எழுந்து, கொஞ்சம் யோசித்து, கம்பளிக் கோட்டுகளின் மேல் இறங்கியது. முக்காட்டில் ஏறியது. சட்டைக் காலருக்குள் நுழைந்தது. சிகையலங்காரங்களில் குடியேறியது. ஒரு நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் ரோமம் கத்தரிக்காத ஆட்டு மந்தை போல நின்றது.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்றாள் புகைப்படக்காரி.

வெர்லின் தன் ஒரு வருஷம் ஊர்க்காரர்களின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். இவர்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். பாதி சலவை இயந்திரத்துக்குள் போகும், மீதி நாய்ப் படுக்கைக்குப் போகும்.

உள்ளே ஓடி, தேவாலயத்து வாக்யூம் கிளீனரை இழுத்துக்கொண்டு வந்தார். நீளமான ஒயர். வாசல் படிவரை எட்டியது.

"என்னப்பா வெர்லின், இது?" என்றார் மாப்பிள்ளையின் தாத்தா.

"புது ஏற்பாடு. விருந்துக்கு எல்லாரும் சுத்தமா உள்ள போகணுமாம். கையைத் தூக்குங்க."

தாத்தா கையைத் தூக்கினார். வெர்லின் அவர் முதுகு, விலா, அக்குள் என்று உறிஞ்சினார். தாத்தாவுக்குப் பிடித்துவிட்டது. "இந்த இடுப்புல இன்னொரு தடவை ஓட்டு" என்றார். பின்னாலேயே ஒரு வரிசை சேர்ந்தது. லவோன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அதுல பையை மாத்தி வருஷக்கணக்காச்சு!" என்று கத்தினாள்.

காரியம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெட்ட நேரம், கெல்சி பக்கமாக வந்தாள். அவளுடைய முக்காட்டில்தான் சரக்கு அதிகம். ஊதாக் கதிர்ப்பூவின் விதை, அருமையான விதை, வெள்ளை வலையில் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருந்தது. வெர்லினால் பொறுக்க முடியவில்லை. குழாயின் வாயை அந்தப் பக்கம் லேசாகத் திருப்பினார். லேசாகத்தான்.

முக்காடு சர்ரென்று உள்ளே போயிற்று.

கெல்சி ஒரு பக்கம் இழுத்தாள். வாக்யூம் கிளீனர் மறுபக்கம் இழுத்தது. மாப்பிள்ளை கெல்சியைப் பிடித்து இழுத்தான். வெர்லின் இயந்திரத்தைப் பிடித்து இழுத்தார். கடைசியில் டப் என்று ஒரு சத்தம். இயந்திரம் வாயைப் பிளந்தது. உறிஞ்சிய எல்லாவற்றையும், பல வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளின் தூசியோடு சேர்த்து, கூட்டத்தின் மேல் ஒரு தடவை முழுமூச்சாக ஊதிவிட்டு உயிரை விட்டது.

சாம்பல் நிறத்தில் ரோலண்ட் நடந்து வந்தார்.

"வெர்லின், எனக்கு ஒரே ஒரு பொண்ணு. அவ கல்யாணத்துல நீ வசூல் பண்ணுன. பொறுத்துக்கிட்டேன். தரையைப் பெருக்குற மாதிரி சம்பந்தியோட அப்பாவைப் பெருக்குன. அதையும் பொறுத்துக்கிட்டேன். இப்ப சொல்லு. என்ன இது? எங்க மேல என்ன ஒட்டியிருக்கு?"

வெர்லின் அவர் கோட்டைப் பார்த்தார். அந்தக் கோட்டில் மட்டும் கால் ஏக்கர் பூ இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் கோட்டைக் கழற்றி நெருப்பு வைப்பார். எல்லாருடைய கோட்டுக்கும் வைப்பார்.

"அரிப்பு விதை" என்றார் வெர்லின்.

"என்னது?"

"ஒட்டுனா அரிக்கும். கடையில மாத்திக் குடுத்துட்டான் போல. உடனே உதறிடணும். பயப்பட ஒண்ணுமில்ல, மெதுவா உதறுனா போதும். இதோ தார்ப்பாய் விரிக்கிறேன், எல்லாரும் இதுமேல நின்னு..."

அவர் முடிக்கவில்லை. ரோலண்ட் கழுத்தைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற பாஸ்டர் காதைச் சொறிந்தார். "எனக்கு முதல்லயே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள் ஒரு அத்தை. அவ்வளவுதான், படியிலிருந்து சாலை வரை மொத்தக் கூட்டமும் சொறிய ஆரம்பித்தது. கூம்பையே தொடாமல் பூச்செண்டு பிடித்துக்கொண்டு நின்ற தோழிகள் எல்லாரையும்விட அதிகமாகச் சொறிந்தார்கள்.

"தார்ப்பாய்க்கு வாங்க, தார்ப்பாய்க்கு!" என்று வெர்லின் கத்தினார். ஆனால் அது பத்துப் பேர் நிற்கிற தார்ப்பாய். ஒட்டுமொத்த ஊரும் கோட்டைக் கழற்றிக்கொண்டு, விசாலமாக இருந்த சாலையோரப் பள்ளத்துக்குள் இறங்கியது. உதறினார்கள். தட்டினார்கள். ஒருவர் முதுகை ஒருவர் அடித்தார்கள். காலுக்குள் போய்விட்டது என்று சிலர் குதித்தார்கள். குதிப்பவர்களைப் பார்த்து மற்றவர்களும் குதித்தார்கள். பள்ளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் பாலிஷ் போட்ட ஷூவுமாக ஊரே திம்திம்மென்று மிதித்தது. சாலையில் போன ஒரு கார் நின்று, பார்த்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனது.

"டாக்டர்! டாக்டர் எங்க?"

இந்தக் கவுண்டியில் டாக்டர் என்றால் கால்நடை டாக்டர்தான். அவரும் பள்ளத்தில் குதித்துக்கொண்டுதான் இருந்தார்.

"மாட்டுக்கு இப்படி வந்தா," என்றார் மூச்சு வாங்க, "நான் முதல்ல தண்ணி அடிப்பேன்."

"அதை நீங்க மாட்டுக்கு எதுவும் வராட்டியும் பண்றீங்களே" என்றாள் அவர் மனைவி.

"குழாய்த் தண்ணிடீ! மேல அடிச்சு விடுவேன்னு சொல்றேன்!"

இந்த ஊரின் தீயணைப்புப் படை முழுக்கச் சம்பளமில்லாத ஊர்க்காரத் தொண்டர்கள். அன்று அத்தனை பேரும் கல்யாணத்தில்தான் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் அரித்தது. சொன்ன மாத்திரத்தில் இரண்டு பேர் ஓடி, தெருமுனையிலிருந்து வண்டியை மணியடித்துக்கொண்டு ஓட்டி வந்தார்கள். வேண்டாம், வேண்டாம் என்று வெர்லின் குழாயின் குறுக்கே பாய்ந்தார். அவருக்குத்தான் ரொம்ப முற்றிவிட்டது என்று நினைத்து முதலில் அவர் மேல் அடித்தார்கள்.

அக்டோபர் மாதத் தண்ணீர். ஊசி குத்துவது போல் இருக்கும். பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பூவுக்குத் தெளிப்பது போல, நிதானமாக, ஒருவர் விடாமல் நனைத்தார்கள். அரிப்பு நின்றது. அதற்குப் பிறகு எதையும் உணர யாருக்கும் தோல் இல்லை.

லவோன் மேஜை விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து ஆளுக்கொன்றாகப் போர்த்திவிட்டாள். "உள்ள வந்து காப்பி குடிங்க. யாராவது காலைத் துடைக்காம வந்தீங்கன்னா தெரியும்!"

கூட்டம் நடுங்கிக்கொண்டே படியேறியது. மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். வெர்லின் பள்ளத்திலேயே இருந்தார். மண்டியிட்டு, லவோனின் கேக் கரண்டியால் சேற்றை மெல்ல வழித்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். டை சேற்றில் கிடந்தது.

"போதும் வெர்லின்" என்றாள் மார்லிஸ். "எந்திரி. சளி பிடிச்சுக்கும்."

"இதோ பாரு, இங்க இருக்கு. இது கல்லறை வேலியோரத்துல இருந்து எடுத்தது. மொத்தமே ஒரு செடிதான் நின்னுச்சு அங்க. ஒரு செடி." அவர் சேற்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அது பிழைக்குமான்னே தெரியாம அஞ்சாறு வருஷம் பாத்துக்கிட்டேன் மார்லிஸ். இந்த வருஷந்தான் சாலையில போடுற அளவுக்கு வந்துச்சு."

மார்லிஸ் முழங்காலளவு கவுனைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலே நிழல் தட்டியது. மேஜை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ரோலண்ட் நின்றார். பக்கத்தில் முக்காடு போன கெல்சி.

"அப்ப இது அரிப்பு விதை இல்ல" என்றார் ரோலண்ட்.

"இல்ல."

"உன் களை."

"ஆமா."

"என் சட்டைக்குள்ள இருந்தது உன் களை."

"ஆமா ரோலண்ட். என்னைப் பிடுங்கிப் போட்டுரு. ஆனா இதைப் பொறுக்கி முடிச்ச பிறகு பிடுங்கு. இன்னைக்குச் சாயங்காலம் கவுண்டிக்குக் குடுக்கணும். எனக்கு ஒரு வருஷத்துக்கு இதுதான் இருக்கு, வேற ஒண்ணுமில்ல."

ரோலண்ட் வாயைத் திறந்தார். மூடினார். அவர் முகத்தில் சிவப்பு ஏறிக்கொண்டே போவதை வெர்லின் பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆலங்கட்டி மழையில என் சோயா மொத்தமும் போச்சே, அந்த வருஷம்" என்றார் ரோலண்ட். "நானும் இப்படித்தான் வயல்ல மண்டி போட்டு ஒவ்வொரு நெத்தா பொறுக்கிக்கிட்டு இருந்தேன். பைத்தியக்காரன் மாதிரி. என் பொண்டாட்டிதான் இழுத்துட்டு வந்தா." அவர் போர்த்தியிருந்த விரிப்பை இடுப்பில் இழுத்துக் கட்டினார். "விதை விதைதான், சனியன் பிடிச்சவனே. நகரு."

அவர் பள்ளத்தில் இறங்கி மண்டியிட்டார். கெல்சி கவுனோடு இறங்கினாள். மாப்பிள்ளைக்கு வேறு வழியில்லை. ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காப்பிக் கோப்பையோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் குரங்கு பேன் பார்ப்பது போல விதை பொறுக்கினார்கள். பள்ளத்துச் சேற்றைக் கரண்டியாலும் தட்டாலும் வழித்தார்கள். பாஸ்டர் காணிக்கைக் கூடையால் சலித்தார். சலிக்காது என்று சொல்ல வெர்லினுக்கு மனம் வரவில்லை. தாத்தா, "அந்த மெஷினைச் சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லவோன்கூட வந்தாள், ஆனால் தன் கேக் கரண்டியைத் தேடித்தான்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பள்ளத்தின் மேல்மண் முழுக்கச் சாக்குகளில் ஏறியிருந்தது. உள்ளே விதை இருக்கிறது, மண்ணும் இருக்கிறது, ஒரு காதுத் தோடும் மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான்களும் இருக்கின்றன. ஆனாலும் விதை இருக்கிறது. வெர்லின் சாக்குகளைச் சாலையோரமாக அடுக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் கவுண்டியின் ஆரஞ்சு நிற லாரி ஒன்று வந்து, டிராக்டருக்குப் பின்னால் நின்றது. அதிலிருந்து ரப்பர் பூட்ஸும் தொப்பியுமாக ஒரு இளம்பெண் இறங்கினாள். பெத்தனி.

அவள் மேஜை விரிப்பு போர்த்திய ஊரைப் பார்த்தாள். சேறு பூசிய மணப்பெண்ணைப் பார்த்தாள்.

"நான் அப்புறமா வரட்டுமா?" என்றாள்.

"இல்ல, இல்ல, நில்லும்மா" என்றார் வெர்லின். தொப்பியைக் கழற்றப் போய், தலையில் தொப்பி இல்லை என்று தெரிந்து, கையைக் கீழே போட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தார்ப்பாயில் காயவைத்ததை, பறவைத் தீனி என்று தூவியதை, எல்லாரும் பள்ளத்தில் இறங்கி உதறி மிதித்ததை, தண்ணீர் அடித்ததை, எல்லாவற்றையும். "ஆனா ரோலண்ட் புண்ணியத்துல, இவங்க எல்லார் புண்ணியத்துல, ஒண்ணு விடாம திருப்பி எடுத்துட்டோம். ஒரு பொட்டுகூட விடல. மண்ணு கொஞ்சம் கலந்திருக்கு. அதை நான் கழுவிக் குடுத்துடறேன்."

ரோலண்ட் முதல் சாக்கைத் தூக்கி, தன் சொந்த விளைச்சலைக் கொடுப்பது போல, பெருமையாக அவள் முன்னால் வைத்தார்.

பெத்தனி சாக்கைத் திறந்து பார்த்தாள். திரும்பி, சுத்தமாகச் சுரண்டப்பட்டுக் கிடந்த பள்ளத்தைப் பார்த்தாள். மறுபடி சாக்கைப் பார்த்தாள்.

"தூவி, மிதிச்சு, தண்ணியும் விட்டு என் வேலை மொத்தத்தையும் முடிச்சுட்டு, அதை ஏன் சார் திருப்பிச் சுரண்டுனீங்க? நான் இன்னைக்கு விதைக்க வந்த பள்ளமே இதுதானே!"